வாலாஜாவில் கேஸ் கட்டருக்குத் தப்பிய ஹெரால்டு

பழைய கார் ஒன்று காயலான் கடைக்குப் போவதைத் தடுக்க ஸ்பானர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பேசத் தெரிய வேண்டும், காகிதம் தேடத் தெரிய வேண்டும், கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டும். ஸ்பானர் பிடிக்கிறவர்கள் வாசனை பிடித்துக்கொண்டு தானாகவே வந்து சேர்வார்கள். வாலாஜாப்பேட்டையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டை நாங்கள் சில பேர் சேர்ந்து மீட்டதைப் பற்றிப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது இன்ஜினைப் பற்றியும் பெயிண்டைப் பற்றியும்தான். ஆனால் அந்த வண்டி பிழைத்தது ஒரு இரும்புக்கடைக்காரரின் முன்னாலும் ஒரு பழைய எல்.ஐ.சி. பைக்குள்ளும்தான் என்பது என் கட்சி. அதனால் அதைத்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

எங்கள் கூட்டம் பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கத்து ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலூர் கோட்டைப் பக்கம் டீ குடிக்கச் சேர்கிற பழக்கம். ஒருத்தரிடம் லாம்பி ஸ்கூட்டர், ஒருத்தரிடம் அப்பா காலத்து அம்பாசடர், ராணிப்பேட்டை பெல் நிறுவனத்தில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் நண்பர், என்னிடம் ஒரு பழைய ஜாவா பைக். இவர்களோடு கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். வீடு இடிக்கப் போகிறார்கள், கரண்ட் கனெக்‌ஷனைப் பிரித்துவிட்டு வா என்று வாலாஜாவுக்குப் போன அவனுடைய மாமா, ஷெட்டுக்குள் கிடந்த காரைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தார். வேப்பஞ்சருகு முழங்கால் உயரத்துக்கு. அதற்குள்ளிருந்து இரண்டு ஹெட்லைட்டும் பானெட்டின் நுனியும் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. பையன் அதை பியட் என்று நினைத்துத்தான் எங்களுக்குக் காட்டினான்.

ஹெரால்டு ஏன் எங்களுக்கு இவ்வளவு முக்கியம் என்றால், அது நம் பக்கத்து வண்டி. இங்கிலாந்தில் ட்ரையம்ப் 1959-ல் விட்ட கார், வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலொட்டி. 1961-லிருந்து அதை இங்கே தயாரித்தது மெட்ராஸின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். பம்பாய்க்கு பியட், கல்கத்தாவுக்கு அம்பாசடர், மெட்ராஸுக்கு ஹெரால்டு. 1968-ல் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவு; இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வந்ததே கிடையாது, அது இந்தியாவுக்கென்றே செய்தது. அப்புறம் 1972-ல் அதன் அடுத்த வடிவமாக கெஸல் வந்தது, எழுபதுகளின் கடைசியில் எல்லாம் நின்று போனது. எண்பதுகளில் அதே கம்பெனி ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை விட்டு, அதோடு கார் கதையையே முடித்துக்கொண்டது. வாலாஜாவில் கிடந்தது 1970-ல் பதிவான மார்க் 3. ஒரு டாக்டர் வாங்கி ஓட்டியது, அவர் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டை இடிக்க எடுத்தவரிடமிருந்து காரை ஒரு இரும்புக்கடை பாய் எடைக்குப் பேசி முடித்திருந்தார். அட்வான்ஸ் கைமாறிவிட்டது. வண்டியின் எடை சுமார் 800 கிலோ; கிலோவுக்கு இவ்வளவு என்று போட்டால் இருபதாயிரத்துச் சொச்சம். "திங்கக்கெழம கட்டர் வருது சார். இந்தத் தகரத்துக்கு இன்னாத்துக்கு இத்தினி பேரு வந்துகிறீங்க?" என்று சிரித்தார்.

இந்த இடத்தில்தான் பல வண்டிகள் செத்துப் போகின்றன. நாலு பேர் போய் நின்று, இது பாரம்பரியம், இதை எப்படி உடைப்பீர்கள் என்று நியாயம் பேசினால் இரும்புக்கடைக்காரருக்குக் கோபம் வரும், இல்லையென்றால் இதில் ஏதோ பெரிய துட்டு இருக்கிறது என்று விலை நாலு மடங்காகும். பெல் அண்ணன் இரண்டையும் செய்யவில்லை. பாய் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, கட்டர்காரனுக்கு எவ்வளவு, கேஸ் சிலிண்டர் எவ்வளவு, ஏற்றிக்கொண்டு போக வண்டி வாடகை எவ்வளவு, கண்ணாடியும் ரெக்சினும் பஞ்சும் எடையில் போகாதே, கடைசியில் உங்களுக்கு என்ன நிற்கும் என்று வரிசையாகக் கேட்டார். பாய் நேர்மையான மனிதர், விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அந்த லாபத்தையும் கொடுத்த அட்வான்ஸையும் சேர்த்து, மேலே கொஞ்சம் வைத்து, வெட்டுகிற வேலையே இல்லாமல் இப்போதே கையில் தருகிறோம் என்றார் அண்ணன். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. அன்றைக்கு மாலையே வீட்டை இடிக்க எடுத்தவரிடம் மீதியைப் பாய் மூலமாகவே கொடுத்தோம், பாய்க்கும் அவருக்கும் நடுவில் நாம் புகுந்து கெடுத்தோம் என்று யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்பதற்காக. பாயின் பழக்கம் அதற்கப்புறமும் தொடர்ந்தது. பழைய வண்டி எங்கே சாகக் கிடக்கிறது என்று மாவட்டத்தில் முதலில் தெரிவது இவர்களுக்குத்தான், மெக்கானிக்குக்குக் கூட அப்புறம்தான் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். இப்போது 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்கள் இருக்கின்றன. வண்டி அங்கே போய், ஒப்படைப்புச் சான்றிதழும் அழிப்புச் சான்றிதழும் போட்டுவிட்டார்கள் என்றால் கணினியிலேயே பதிவு ரத்தாகிவிடும். அதற்கப்புறம் உங்களிடம் இருப்பது உதிரி பாகம், கார் அல்ல. அந்தக் கட்டத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

காருக்குப் பணம் கொடுத்துவிட்டால் கார் நம்முடையது என்று நினைக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகம் இன்னும் டாக்டர் பெயரில் இருக்கிறது. அவருடைய மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். வங்கி நண்பரும் நானும் போனோம். அம்மா முதலில் நம்பவில்லை. வீட்டு விஷயமாக வந்திருக்கிறோமோ என்று சந்தேகம். கார் போட்டோவைக் காட்டியதும் மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பா சைக்கிள்ள போய்ட்டிருந்த மனுஷன், இதுல ஏறின அப்பறந்தான் டை கட்டிக்க ஆரம்பிச்சாரு" என்றார். பேசிக்கொண்டே உள்ளே போய் ஒரு எல்.ஐ.சி. பையை எடுத்து வந்தார். துணிப்பையில் பெயர் மங்கிப் போயிருந்தது. அதற்குள் மளிகைச் சீட்டுகள், ஒரு தபால் சேமிப்புப் புத்தகம், அடியில் ஆர்.சி. புத்தகம். அட்டை பிரிந்து நூலில் தொங்குகிறது, உள்ளே வட ஆற்காடு மாவட்ட முத்திரை, மூன்று எழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட பழைய பதிவெண், வரி கட்டிய வருடங்களுக்கு ஒவ்வொரு மையில் கையெழுத்து.

அந்தப் புத்தகம் இல்லாமல் போயிருந்தால் நாங்கள் வாங்கியது 800 கிலோ இரும்புதான். வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது, பிறகு பெயர் வேலூர் மாவட்டம் ஆனது, 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. வாலாஜா இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். இத்தனை பிரிவினைக்கு நடுவில் 1970-ல் பதிவான வண்டியின் ஏடு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது ஒரு தேடல். வாகன் என்ற அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் எண்ணைப் போட்டால் அப்படி ஒரு வண்டியே இல்லை என்று வரும், பயப்பட வேண்டாம். பழைய புத்தகப் பதிவுகள் பல கணினியில் ஏறாமலே நின்றுவிட்டன. அசல் ஆர்.சி.யோடு போய் விண்ணப்பித்தால் பழைய பதிவேட்டில் பார்த்துச் சரிபார்த்து ஏற்றித் தருவார்கள். எங்களுக்கு ஒரு ஊழியர் அம்மா, தூசி தட்டித் தட்டி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் அவர் எங்களைவிட சந்தோஷப்பட்டார் என்று தோன்றியது.

வரிசை இதுதான்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், இவற்றோடு படிவம் 31 கொடுத்து முதலில் டாக்டரின் மனைவி பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கப்புறம் படிவம் 29, 30 போட்டு வாங்குகிறவர் பெயருக்கு. இதையெல்லாம் கேட்டு வாரிசுகள் அலுத்துப் போவதற்குள் எல்லாக் கையெழுத்தையும் ஒரே நடையில் வாங்கிவிடுங்கள். சேசிஸ் எண்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுவதைக் காசு கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்; தகடு துருப்பிடித்து எண் போய்விட்டால் உலகத்தில் உள்ள எல்லா ஆர்வமும் சேர்ந்தாலும் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. எங்கள் கூட்டத்திலிருந்து யார் பெயரில் என்பதில் பேச்சு வந்தது. வங்கி நண்பர் பெயரில் போட்டோம், இடம் மாறாதவர், சொந்த வீடு. ஆறு பேருக்கும் பங்கு எவ்வளவு, ஒருத்தர் விலகினால் போட்ட பணத்தை எப்படித் திருப்புவது, விற்பதென்றால் எத்தனை பேர் சம்மதம் வேண்டும் என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று லாம்பிக்காரர் கொஞ்சம் முறைத்தார். நண்பர்களாகவே இருப்பதற்குத்தான்.

சரி, வண்டி. ஷெட்டிலிருந்து வெளியே எடுப்பதே ஒரு வேலை. பல வருடம் நின்ற காரை பம்பரில் கயிறு கட்டி இழுத்தால் பம்பர்தான் வரும். நான்கு சக்கரத்திலும் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டித்தான் விடுபட்டது. டயருக்குள் ட்யூப் போட்டுக் காற்று நிற்கிற அளவுக்கு ஆக்கினோம். ஹெரால்டில் ஒரு வசதி, அதற்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சேசிஸில் சங்கிலி மாட்டி ரெக்கவரி வண்டியின் பலகைமேல் ஏற்றினோம். ஏற்றுவதற்கு முன் கீழே சிதறிக் கிடந்ததை எல்லாம், ஒரு கதவுக் கைப்பிடி, பீடிங் துண்டு, உடைந்த லென்ஸ், சருகுக்குள் கிடந்த நட்டு வரைக்கும், பையன் பொறுக்கி, பாலித்தீன் பையில் போட்டு, எங்கே கிடந்தது என்று எழுதினான். குப்பை என்று நினைத்த ஒரு பையிலிருந்துதான் பானெட்டின் பின்பக்கக் கொக்கி கிடைத்தது, அது கடையில் கிடைக்காத சாமான்.

வேலூர் வெயிலைத் திட்டாத ஆள் இல்லை, ஆனால் பழைய காருக்கு அது புண்ணியம் செய்திருக்கிறது. கடற்கரை ஊரில் கிடந்திருந்தால் சேசிஸின் பக்கக் கைகள் கரைந்திருக்கும். இங்கே தட்டிப் பார்த்தால் கணீரென்று சத்தம். துரு இருந்தது டிக்கித் தரையில் மட்டும், எலி கூடு கட்டி ஈரம் நின்ற இடம். வயரிங்கை எலி தின்றிருந்தது. ரப்பர் எல்லாம் வெயிலில் வெடித்துப் பொடியாகியிருந்தது. ஆகவே நம் பக்கத்து வண்டிகளில் முதலில் தகரத்தைப் பார்த்து மயங்காமல், ரப்பருக்கும் வயருக்கும் பணம் ஒதுக்குங்கள்.

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும், சாத்தனூர் முதலை வாயைப் பிளந்த மாதிரி. திறந்துவிட்டு முன் டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். இன்ஜின் ஜாம் ஆகியிருந்தது. பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்க்கிற ஆசையை அண்ணன் யாருக்கும் அனுமதிக்கவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றி, ஊற விட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் சின்னச் சின்னதாக அசைத்தார். நகராத நாளில் வலுக்கட்டாயம் செய்யாமல் மறுபடி ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு சாயங்காலம் அது நகர்ந்தது. 948 சி.சி. இன்ஜின் முந்தைய ஸ்டாண்டர்டு 10 காரிலிருந்து வந்தது என்பதால் சில சாமான்களை அந்தப் பெயரில் கேட்டாலும் கிடைக்கும். கேஸ்கெட்டும் ரிங்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடி எடுத்தோம். மீதிக்கு இங்கிலாந்தில் ட்ரையம்ப் சாமான் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்; சாமானைவிடக் கூரியரும் சுங்கமும் அதிகமாகும் என்பதால் தேவையான எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பார்சலாக எழுதிப் போடுவது நல்லது.

ஆனால் ஹெரால்டு வைத்திருக்கிற எவரிடமும் நான் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றி இல்லை, ட்ரன்னியனைப் பற்றி. முன் சக்கரத்துக்குக் கீழ்ப்புறம் பித்தளை நிறத்தில் ஒரு கட்டை இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டின் அடிநுனி மரையாக இதற்குள் இறங்கி நிற்கிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் அடிக்க வேண்டும், கிரீஸ் கூடாது. நிப்பிளைப் பார்த்ததும் கை கிரீஸ் கன்னுக்குத்தான் போகும். கிரீஸ் அடிநுனி வரை இறங்காமல் கட்டியாகி நிற்கும், தண்ணீர் இறங்கி மரைக்கு மேலே துரு பிடித்து, ஒரு நாள் திருப்பத்தில் அந்தத் துண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். எங்கள் வண்டியில் அப்படித்தான் காய்ந்து கல்லாகிப் போன கிரீஸ் வந்தது. ராணிப்பேட்டையில் ஒரு லேத்து மேஸ்திரி அந்தக் கட்டையை கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் புதிதாகக் கடைந்து கொடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் மரை ஒன்றல்ல, ஒன்று வல மரை, மற்றது இட மரை, ஆகவே மாதிரிக்கு இரண்டையும் கொண்டு போக வேண்டும். செங்குத்துத் துண்டை மட்டும் கடைய விடவில்லை, அதை இங்கிலாந்திலிருந்தே வரவழைத்தோம். உயிர் அதில் தொங்குகிறது.

வேலை நடக்கிற இடத்துக்கு ஆள் சேர்ந்தது தனிக் கதை. லாம்பிக்காரர் வீட்டுக் காலி மனையில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தோம். டிங்கர் அண்ணன் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து, அடுத்த வாரம் தன் சுத்தியலோடு வந்தார். கூலி வேண்டாம் என்றவருக்கும் கூலி கொடுத்தோம். இலவசமாக வருகிறவரிடம் இந்த வளைவு சரியில்லை, மறுபடி செய்யுங்கள் என்று சொல்ல முடியாது. சீட்டுக்குத் தோல் போடலாம் என்று ஒரு கட்சி கிளம்பியது, ஆம்பூரும் மேல்விஷாரமும் பக்கத்தில் இருக்கும்போது வராமல் இருக்குமா. ஆனால் வந்தது ரெக்சின்தான், ரெக்சினே போடுவோம் என்று முடிவானது. தைத்தவர் மட்டும் ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் தொழிலாளி. பழைய உறையைத் தையல் பிரித்து, துண்டு துண்டாக விரித்து, அதை அச்சாக வைத்து வெட்டினார். ஷூவின் வளைவைத் தைத்த கைக்கு சீட்டின் ஓரம் ஒரு பொருட்டே இல்லை.

பெயிண்ட் கடைசி. இதில் நான் பிடிவாதக்காரன். பிரேக், ஸ்டீயரிங், வயரிங், ட்ரன்னியன் முடியாமல் பெயிண்டுக்குப் பணம் இல்லை என்று கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதினோம். பளபளவென்று பெயிண்ட் அடித்து, பிரேக் இல்லாமல் ஷெட்டில் நிற்கிற கார்கள் இந்த மாவட்டத்திலேயே எத்தனையோ இருக்கின்றன.

பதிவைப் புதுப்பிப்பதில் இரண்டு வழி இருந்தது. 50 ஆண்டு தாண்டிய, சேசிஸும் பாடியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத சொந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், 2021-ல் வந்த விதி. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், அப்புறம் மறுபதிவுக்கு 5,000. பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். மற்றது சாதாரணப் புதுப்பிப்பு: வண்டியைக் காட்டித் தகுதி பார்த்து 5 ஆண்டுக்குத் தருவார்கள். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 ஆண்டு தாண்டிய காருக்குக் கட்டணம் 10,000, பசுமை வரி தனி. நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம். ஏலகிரிக்குப் போகாத கார் எதற்கு? அங்கே 14 கொண்டை ஊசி வளைவிலும் ஹெரால்டு பின்னால் போகாமல் ஒரே வீச்சில் திரும்புகிறது, அதன் திருப்பு வட்டம் அவ்வளவு சின்னது. இறங்கும்போது மட்டும் கவனம். பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஆடும் அமைப்பு, வளைவின் நடுவில் வேகமாகப் போய்க்கொண்டே திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு சக்கரம் உள்ளே மடங்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் லேசாக மிதித்தபடி போக வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பு டயாப்ரம் எல்லாவற்றையும் அதைத் தாங்குகிற வகையாக மாற்றிவிட்டோம். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுகிறோம்.

போன மாதம் பாய் கூப்பிட்டார். குடியாத்தம் பக்கம் ஒரு கெஸல் கிடக்கிறது, வேண்டுமா என்று. போய்ப் பார்த்தோம். ஆர்.சி. இல்லை, வாரிசு யார் என்று தெரியவில்லை, சேசிஸ் எண் இருந்த தகடே காணோம். பையனுக்கு அதையும் மீட்க வேண்டும் என்று ஆசை. அண்ணன் வேண்டாம் என்றார், நானும் அதே பக்கம். அது எங்கிருந்து வந்தது என்று முதலில் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுச் சொல்லுங்கள் பாய், சுத்தமாக இருந்தால் கியர் பாக்ஸையும் விண்ட்ஷீல்டையும் மட்டும் எடையைவிட நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம், மீதி உங்கள் தொழில் என்று சொல்லிவிட்டு வந்தோம். பையன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.